1898-ஆ, 1899-ஆ? பழைய துப்பாக்கி ஒன்று வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்க விரும்பியபோது, வயதான எல்லாமே 'ஆண்டிக்' என்று நானும் நினைத்திருந்தேன். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றையே ஆண்டிக் என்கிறது. கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் அவை துப்பாக்கிகளே அல்ல என்பதால், அவற்றுக்குப் படிவமும் இல்லை, பின்னணிச் சோதனையும் இல்லை. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்தவை, சேகரிப்பாளர்கள் விரும்பும் பழம்பொருள் என்ற பொருளில் 'கியூரியோ' வகையில் சேரலாம். சேகரிப்பாளர் உரிமம் உள்ளவர்களுக்குச் சலுகை உண்டே தவிர, அவை துப்பாக்கிகள்தாம்.

நான் தேர்ந்தெடுத்தது ஃபின்லாந்தின் எம்39 என்ற ராணுவத் துப்பாக்கி. ரஷ்ய மோசின்-நாகன்ட் துப்பாக்கிகளின் ரிசீவரை, அதாவது குழல் பொருந்தும் நடு உடல் பகுதியை, எடுத்துப் புதிய குழல் பொருத்தி ஃபின்லாந்துக்காரர்கள் உருவாக்கியது அது. குழலில் 1942 என்று பொறித்திருந்தாலும், சட்டம் பார்ப்பது ரிசீவர் பிறந்த ஆண்டைத்தான். அந்த ஆண்டோ துப்பாக்கியின் மரக் கட்டைக்குள் மறைந்திருக்கும். வேறொரு மாநிலத்தில் இருந்த விற்பனையாளர் 1898 என்று உறுதியாகச் சொன்னார். அவர் அனுப்பிய படத்தில் கடைசி இலக்கம் பழைய கிரீஸில் மூழ்கிக் கிடந்தது. உரிமம் பெற்ற உள்ளூர் வணிகர் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதில் அவருக்குச் சற்று வருத்தம்தான்.

துப்பாக்கி வந்ததும், அந்த உள்ளூர்க் கடைக்காரர் திருகுகளையும் பட்டைகளையும் கழற்றி, கட்டையிலிருந்து ரிசீவரைத் தூக்கி, அதன் வால் பகுதியின் அடிப்புறத்தைத் துணியால் துடைத்தார். 1899 என்று தெளிவாகத் தெரிந்தது. அது நேராக என் வீட்டுக்கு வந்திருந்தால், மாநில எல்லை தாண்டிய சட்டவிரோதக் கைமாற்றமாகியிருக்கும்.

அதன் பின், உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்பினேன். உண்மையில் வாங்குபவர் நான்தானா என்ற கேள்வியைவிட என்னை அதிகம் திணறடித்தது பெயருக்கான கட்டம். நடுப்பெயர் வெறும் இனிஷியலாக இருந்தால் அதன் அருகில் 'ஐ.ஓ.' என்றும், நடுப்பெயரே இல்லையென்றால் 'என்.எம்.என்.' என்றும் எழுத வேண்டும்; அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிக்கொண்ட நம்மவர்கள் பாஸ்போர்ட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் முதலில் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டில் உள்ள எண்ணையும் கேட்டார்கள்.

எஃப்.பி.ஐ. நடத்தும் என்.ஐ.சி.எஸ். என்ற பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு வந்த பதில் 'தாமதம்'. மூன்று வேலை நாள்களுக்குள் இறுதி முடிவு வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம் என்று கூட்டரசுச் சட்டம் அனுமதித்தாலும், முடிவு தெரியாமல் தருவதில்லை என்பது அவரது வழக்கம். அது சரியென்றே எனக்கும் பட்டது. ஐந்தாம் நாள் அனுமதி வந்தது. ஆண்டிக் என்பதற்காகக் கூடுதலாக வாங்கியிருந்த தொகையை, கழற்றி எடுத்த படத்தைப் பார்த்த பிறகு விற்பனையாளர் மறுபேச்சின்றித் திருப்பி அனுப்பினார்.