ரயில் டிக்கெட் புள்ளிகள்: யாருக்குச் சேரும், விட்டுப்போனால் எப்படிக் கேட்பது

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கேடிஎம் நிறுவனத்தின் இடிஎஸ் ரயில் டிக்கெட் பேச்சுதான். பல வீடுகளில் டிக்கெட் எடுப்பது ஒருவர், ஏறுவது ஐந்தாறு பேர். வெகுமதிப் புள்ளிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. காசு கட்டுகிறவருக்குச் சேரும் புள்ளி வேறு, ரயிலில் உட்காருகிறவருக்குச் சேரும் புள்ளி வேறு. முதலாவதைக் கொடுப்பது கார்டு கொடுத்த பேங்க். யார் பயணம் செய்தார்கள் என்று அது பார்க்காது. இரண்டாவது, ரயில் நிறுவனமே நடத்தும் உறுப்பினர் திட்டம். அங்கே காசு யாருடையது என்பது பெரிய விஷயமில்லை, டிக்கெட்டில் உள்ள பெயர்தான் முக்கியம். டவுனில் போட்டோஸ்டாட் கடையில் ரொக்கம் கொடுத்து எடுக்கச் சொன்னால் கார்டுப் புள்ளி கடைக்காரருக்குத்தான். அவர் மெனக்கெட்டதற்குக் கூலி என்று விட்டுவிடலாம்.

கார்டுப் புள்ளி விட்டுப்போவதற்கு முதல் காரணம், கட்டிய வழி. கட்டணப் பக்கத்தில் எஃப்பிஎக்ஸை (இணைய பேங்க் வழிக் கட்டணம்) தேர்ந்தெடுத்தால் பணம் சேமிப்புக் கணக்கிலிருந்து நேராகப் போகிறது. அதே பேங்கின் கிரெடிட் கார்டு உங்களிடம் இருந்தாலும் கார்டுப் புள்ளி கிடையாது. இ-வாலட்டில் கார்டால் காசு ஏற்றி, பிறகு வாலட்டிலிருந்து டிக்கெட் எடுத்தால், பேங்க் பார்ப்பது ரயில் டிக்கெட்டை அல்ல, வாலட்டுக்கு ஏற்றிய பணத்தை. வாலட் ஏற்றத்துக்குப் புள்ளி இல்லை என்று பல கார்டுகளின் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். ரத்து செய்த டிக்கெட்டின் பணம் கேடிஎம் வாலட்டில் கிடந்து, அதை வைத்து அடுத்த டிக்கெட் எடுத்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. கார்டு வாங்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் நான்கு இலக்க வகை எண் (எம்சிசி) உண்டு. பயணிகள் ரயில் என்றால் 4112, நகர்ப்புற, புறநகர்ப் போக்குவரத்து 4111, பயண முகவர் 4722, வாலட் ஏற்றம் 6540. ‘பயணச் செலவுக்கு ஐந்து மடங்கு’ என்று விளம்பரம் செய்யும் கார்டில் எந்தெந்த எண்கள் அடங்கும் என்பது விதிமுறைத் தாளின் பின்பக்கத்தில்தான் இருக்கும். முகவர் தளத்தில் எடுத்த ரயில் டிக்கெட் 4722-இல் விழுந்து, கார்டு 4112-க்கு மட்டும் ஐந்து மடங்கு தருவதாக இருந்தால், சாதாரணப் புள்ளிதான் வரும். ஸ்டேட்மெண்டில் இந்த எண்ணை அச்சடிப்பதில்லை. பேங்கைக் கூப்பிட்டு, ‘இந்தப் பரிவர்த்தனை எந்த எம்சிசி-யில் பதிவாகியிருக்கிறது?’ என்று கேளுங்கள். ‘புள்ளி ஏன் வரவில்லை?’ என்று தொடங்கினால் பேச்சு சுற்றிச் சுற்றித்தான் போகும்.

சில்லறையும் கவனிக்க வேண்டியது. வெள்ளிக்கு ஒரு புள்ளி, சென் கணக்கில் சேராது என்று வையுங்கள். 74.60 வெள்ளி டிக்கெட் நான்கைத் தனித்தனியாக எடுத்தால் 74 வீதம் 296 புள்ளி. ஒரே பரிவர்த்தனையில் எடுத்தால் 298.40 வெள்ளிக்கு 298. இரண்டு புள்ளிக்காகப் பேங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஐந்து மடங்கு விட்டுப்போனால் மட்டும் நேரம் செலவழிக்கலாம்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அமெரிக்காவின் ஆம்ட்ராக் திட்டத்தில் டிக்கெட்டுக்கு ஒரு டாலர் செலவழித்தால் 2 புள்ளி, பிஸ்னஸ் வகுப்பில் அதற்கு மேல் 25 விழுக்காடு. லண்டனையும் ஐரோப்பிய நகரங்களையும் இணைக்கும் யூரோஸ்டாரில் ஒரு பவுண்டுக்கு 1 புள்ளி. இங்கே நம்மவர்களைப் படுத்துவது பெயரில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்). ஐசியில் (அடையாள அட்டையில்) ‘கவிதா ஏ/பி ராமன்’ என்றிருக்கும். வெளிநாட்டுப் படிவங்கள் பலவற்றில் சாய்கோடு ஏறாது, கடைசிப் பெயர் இல்லாமலும் விடாது. உறுப்பினர் கணக்கில் ‘கவிதா ராமன்’, டிக்கெட்டில் ‘கவிதா ஏபி ராமன்’, அடுத்த டிக்கெட்டில் ‘ஏபிராமன்’ என்று ஒட்டிக்கொண்டு ஒன்று. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, கணக்கிலும் டிக்கெட்டிலும் அதையே போடச் சொல்லுங்கள். இங்கிருந்து அப்பா எடுத்துக் கொடுக்கும்போது பிரவுசரின் தானியங்கி நிரப்பலை அணைத்துவிடுவது நல்லது. அது அப்பாவின் பெயரைப் பிள்ளையின் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

உறுப்பினர் எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே சேர்க்க வேண்டும். மறந்திருந்தால் புறப்படும் முன் முன்பதிவைத் திறந்து சேர்த்துவிடலாம். ரயிலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்தார்களா என்பதையும் பாருங்கள். கூட்ட நேரத்தில் கண்டக்டர் கடந்து போய்விட்டால், பயணமே நடக்கவில்லை என்று பதிவாகும் வாய்ப்பு உண்டு. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரை அழைத்துக் காட்டுவதில் ஒரு தவறும் இல்லை.

விட்டுப்போன புள்ளியை எப்போது கேட்பது? பயணம் முடிந்த மறுநாளே கேட்டால் ‘இன்னும் பதிவாகவில்லை’ என்ற பதில்தான். ஒரு வாரம் பொறுத்து, ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். கார்டு என்றால் பரிவர்த்தனை ‘பெண்டிங்’ நிலையிலிருந்து பதிவாகி, அடுத்த ஸ்டேட்மெண்ட் வரும்வரை பொறுங்கள். ரயில் திட்டத்துக்கு முன்பதிவு எண், பயணத் தேதி, ஏறிய இறங்கிய நிலையம், டிக்கெட்டின் பிடிஎஃப் போதும்; பெயர் மாறியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பேங்குக்குப் பரிவர்த்தனைத் தேதி, பதிவான தேதி, தொகை, ஸ்டேட்மெண்டில் உள்ள வியாபாரி பெயர் எழுத்து மாறாமல், கார்டின் கடைசி நான்கு இலக்கம், வந்த புள்ளி, வரவேண்டிய புள்ளி, அதற்கான விதிமுறைப் பிரிவு. போனில் பேசினாலும் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள்.

பேங்க் இறுதியாக மறுத்து, தொகையும் கணிசமாக இருந்தால் பேங்க் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை (எஃப்எம்ஓஎஸ்) இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது, பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. பேங்கின் இறுதிப் பதில் கிடைத்து 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

முழுக் கார்டு எண், பின்பக்க மூன்று இலக்கம், போனுக்கு வரும் டேக் (ஒருமுறை) எண், இவற்றைப் புள்ளி கேட்பதற்காக யாரும் கேட்கத் தேவையில்லை. ‘உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதி’ என்று லிங்க்குடன் வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொடாதீர்கள். தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே பேங்கையோ தேசிய மோசடி உதவி மையத்தின் 997-ஐயோ கூப்பிடுங்கள்.