ரைசன் 5 2600: நாலு கிகாஹெர்ட்ஸ் வரைக்கும்

ஜூன் 7

பிராசசரை மாற்றாமல், அதன் வேகத்தைக் கையால் ஏற்றி (ஓவர்கிளாக் செய்து) இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாமா என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். 2018-இல் வந்த சிப், 6 கோர், 12 த்ரெட், அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானாக ஏறும் பூஸ்ட் 3.9. வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையருக்குப் பூட்டு கிடையாது, மதர்போர்டும் அதை மாற்றவிடும் பி450. மாற்றவிடாத ஏ320 என்றால் இங்கேயே கதை முடிந்திருக்கும். இன்று எதையும் தொடவில்லை. பிராசசரின் திறனை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிடம் ஓடவிட்டு, வெப்பம், வோல்டேஜ், வேகம் மூன்றையும் குறித்துக்கொண்டேன். எல்லாக் கோரும் உழைக்கும்போது 3.7-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஜூன் 8

ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தாயிற்று. பிழை வந்தால் பிராசசரா ராமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாமே. வோல்டேஜை ஆட்டோவில் விடவில்லை, தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கிற போர்டுகள் உண்டு. 1.25 வோல்ட் என்று கையால் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், 3.9 வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் மல்டிபிளையரைக் கையால் வைத்ததும் தானாக ஏறும் பூஸ்ட் போய்விடும், ஆகவே 3.9-க்குக் கீழே நிறுத்தினால் ஒற்றைக் கோர் வேலைகளில் நஷ்டம்தான்.

ஜூன் 10

4.0, அதே வோல்டேஜ். சினிபெஞ்ச் அழகாக முடித்தது, ஸ்கோரும் ஏறியது; இதோடு நிறுத்திவிட்டு ஸ்டேபிள் என்று சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. கடும் கணக்குகளைக் கொடுத்துப் பிராசசரைச் சோதிக்கும் பிரைம்95-இல், அதிகம் சூடேற்றும் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைப் போட்டதும் சாயம் வெளுத்தது. திரை உறையவில்லை, நீலத் திரையும் வரவில்லை. அதன் வொர்க்கர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்று மட்டும், ரவுண்டிங் (முழு எண்ணாக்கும்போது வரும் பிழை) 0.5 வந்திருக்கிறது, 0.4-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றது, மற்றவை தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அதாவது ஏதோ ஒரு கோர் தப்பு விடை போட்டிருக்கிறது. இதே தப்பு ஒரு கோப்பைச் சுருக்கும்போது நடந்தால் யார் சொல்வார்கள்? என்றோ திறக்கும்போதுதான் கெட்டுக் கிடப்பது தெரியும். க்ராஷ் ஆவதே தேவலை.

ஜூன் 11

பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) 1.3 போட்டாலும் சுமை ஏறியதும் வோல்டேஜ் நன்றாகவே இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்டும் லோட்லைன் காலிபரேஷனை நடுத்தர நிலையில் வைத்தேன். உச்சத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை: சுமை சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் மேலே எகிறும், அந்த எகிறல் அவ்வளவு குறுகியது என்பதால் மானிட்டர் மென்பொருளில் தெரியாது. 1.3125-இல் பிரைம்95 பிழையில்லாமல் ஓடுகிறது, வெப்பம் 84 டிகிரி, கூடவே வந்த சின்ன கூலருக்கு இது பரவாயில்லை.

ஜூன் 14

ஆசை யாரை விட்டது, 4.1. நிலைக்க 1.3875 கேட்டது. மின்செலவு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். கணக்குப் போட்டால் வேகம் 2.5 சதவீதம், செலவு கிட்டத்தட்ட 15 சதவீதம். வெப்பம் 93-ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டேன், இந்தச் சிப்புக்கு உச்ச வரம்பே 95. இதற்காகப் புதுக் கூலர் வாங்குவதில் அர்த்தமில்லை, அந்தக் காசைச் சேர்த்து வைத்தால் அடுத்த பிராசசருக்கு ஆகும்.

ஜூன் 15

4.0-க்கே திரும்பி ராத்திரி முழுக்க பிரைம்95. காலையில் எல்லா வொர்க்கரும் ஓடிக்கொண்டிருந்தன. அதோடு விடாமல் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் (WHEA-Logger) பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், ஏனென்றால் வன்பொருள் தானே திருத்திக்கொண்ட பிழைகள் அங்கேதான் பதிவாகும், பிரைம்95 அவற்றைப் பார்க்காது. ஒன்றும் இல்லை. பயாஸில் புரொஃபைலாகச் சேமித்துவிட்டு எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டேன், இப்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடுகிறது.