கண்ட்ரோல் ரூமில் பொம்மைப் படம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். மாடியில் நாலு டிஷ். உள்ளே சுவரோடு ஒரு இரும்பு ரேக், அதில் சானலுக்கு ஒரு ரிசீவர், அந்தப் படத்தைக் கேபிளில் ஏற்றி அனுப்ப ஒரு மாடுலேட்டர். அத்தனையும் சேர்ந்து கிளப்புகிற சூட்டில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். மேஜைமேல் பதினாலு இஞ்ச் டிவி ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை அறுபது சொச்சம் சானலையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்: படம் சுத்தமா, சத்தம் சரியா, எங்காவது எறும்பு ஓடுகிறதா.

எங்கே தொடங்கினாலும் கார்ட்டூனில் வந்து முடியும்படி அந்தச் சுற்றை வைத்துக்கொண்டேன். முடிந்தபின் பத்து நிமிஷம், ஆள் இல்லையென்றால் அரை மணி. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் விரல் தானாகச் செய்திக்குப் போய்விடும். அப்போது எனக்கு முப்பத்தொன்று. வீட்டில் பொண்ணு பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, ஏழு கழுத வயசாச்சு, பொம்மப் படமா பாக்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை என்னைப் பல வருஷம் ஒளிந்து பார்க்க வைத்தது.

"ஆடியோ லெவல் வைக்கேன் அண்ணாச்சி" என்று அன்றைக்குச் சமாளித்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. சீரியலை வைத்துச் சத்தம் சரிசெய்ய முடியாது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே உயரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், குமிழை எங்கே நிறுத்த வேண்டும் என்றே தெரியாது. டாம் அண்ட் ஜெர்ரி அப்படி இல்லை. பூனை விரல் நுனியில் நடக்கும்போது ஒற்றைக் கம்பி வாத்தியம் டக் டக் என்று கூடவே நடக்கும். அடுத்த நொடி அலமாரி சரியும்போது மொத்த வாத்தியக்குழுவும் விழும். அந்த மெல்லிய சத்தமும் கேட்க வேண்டும், அந்தப் பெரிய சத்தம் கரகரக்கவும் கூடாது. அந்த இடத்தில் குமிழை வைத்தால் அந்தச் சானலுக்கு அப்புறம் புகாரே வராது.

ஹன்னாவும் பார்பெராவும் 1940இல் தொடங்கிய படங்கள் அவை. இசை ஸ்காட் பிராட்லி. பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்று கணக்கு வைத்து, பூனையின் காலடிக்கும் எலியின் திரும்பலுக்கும் ஸ்வரம் எழுதியிருக்கிறார்கள். லிஸ்ட் என்ற பியானோ மேதையின் இசைக்குப் பூனை பியானோ வாசிக்கிற படம் ஒன்று, ஆஸ்கர் வாங்கியது. அதை எத்தனை முறை பார்த்தேனோ, கணக்கில்லை. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, புலவர் வில்லின்மேல் வீசுகோலை இறக்குகிற இடத்தில் குடம் அடிக்கிறவர் கை அச்சொட்டாக வந்து விழும். சின்ன வயதில் நான் வில்லை விட்டுவிட்டுக் குடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சந்தோஷம்தான் இதிலும். குழந்தைகளுக்கு இது போதும் என்று யாரும் கை குறைத்துச் செய்த வேலை இல்லை அது.

2007 ஏப்ரல் 29 அன்று தமிழில் குழந்தைகளுக்கென்று சுட்டி டிவி வந்தது. ரேக்கில் ஒரு இடம் கூடியது. கடைசியாக வந்த சானல் என்பதால் மேல் அலைவரிசையில் வைத்தோம். அதில் ஒரு சங்கடம் உண்டு. கேபிள் நீள நீள, மேல் அலைவரிசைதான் முதலில் தேயும். ஆனி ஆடியில் சாரல் அடித்து, கனெக்டருக்குள் ஈரம் இறங்கி, செம்பு பச்சைபிடித்தால் மற்றதெல்லாம் தெரியும், அது மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும்.

அப்படி ஒரு ஆடி மாசத்தில்தான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆச்சி ஒருவர் போன் செய்தார். "ஏய்யா, சுட்டி டிவி தெரியல. பேரன் பாக்கணும்லா, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போ." பேரன் பெங்களூரில் இருக்கிறான், மே மாச லீவுக்குத்தான் வருவான் என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனேன். வீட்டில் ஆச்சி மட்டும், மடியில் முறத்தில் முருங்கைக் கீரை. பழைய கனெக்டரை நறுக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன். படம் நின்றது. டோரா, தமிழில்.

அந்தக் கதையில் ஒரு பழக்கம் உண்டு. டோரா திரையிலிருந்து நேராகப் பார்த்து ஒன்று கேட்பாள், அப்புறம் பேசாமல் காத்திருப்பாள். பார்க்கிற குழந்தை பதில் சொல்லட்டும் என்று வேண்டுமென்றே விடுகிற இடைவெளி அது. அன்றைக்கும் கேட்டாள், குள்ளநரி எங்கே என்று. நான் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆச்சி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தெருவுக்குக் கேட்காத குரலில், "அந்தா, மரத்துக்குப் பின்னால நிக்காம்லா" என்றார். சொன்னபிறகுதான் நான் இருப்பது நினைவு வந்திருக்க வேண்டும். கை நின்றுபோனது. டிவி சத்தமும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்குத்தான் இருந்தது. "சத்தம் போதுமா ஆச்சி?" என்று மட்டும் கேட்டேன். "போதும் போதும்" என்றார்.

நாள் முழுக்க ஒருத்தரும் கேள்வி கேட்காத வீடு அது. எங்கோ வரைந்த ஒரு சின்னப் பிள்ளை கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று வண்டியில் திரும்பும்போது நினைத்தேன். அப்படி நினைத்த நானும் மறுநாள் செருப்புச் சத்தம் கேட்டதும் செய்திக்குத்தான் மாற்றினேன்.

2011 செப்டம்பரில் மாசம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது. சிக்னல் வெளியிலிருந்து வர ஆரம்பித்ததும் எங்கள் ரேக்குக்கு வேலை இல்லை. மாடுலேட்டர்களை எடைக்குப் போட்டார்கள். நான் லைன் வேலைக்கு மாறினேன்.

2017 கடைசியில் செட்டாப் பாக்ஸ் மாட்ட வீடு வீடாகப் போனபோது ஆச்சி வீடும் வந்தது. பேரன் எட்டாங்கிளாஸ் என்றார், லீவுக்கு வந்தாலும் போனைத்தான் பார்க்கிறானாம். பாக்ஸைப் பொருத்தி, ரிமோட்டைக் கையில் கொடுத்து, செய்தி, பக்தி, பாட்டு எல்லாம் எத்தனையில் வரும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சுட்டி டிவி எத்தனைன்னு எழுதலயே."

எழுதினேன்.

"பேரனுக்கு இல்லய்யா. எனக்குத்தான்."

"நானும் பாப்பேன் ஆச்சி. கண்ட்ரோல் ரூம்ல இருக்கும்போதே பாப்பேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பம் உக்காரு, மோர் தாரேன்" என்று எழுந்தார். அடுக்களைக்குப் போகிற வழியில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இரண்டு கோடு கூட்டிவிட்டுப் போனார்.