புண்ணியக் கணக்கில் வராத வேலை

மதுரையில் சாப்பாடு போடுவது ஒரு கஷ்டமே இல்லை. ரோட்டோரம் தங்கியிருப்பவர்கள் மத்தியில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆள் நான், அதனால் இதைத் தைரியமாகச் சொல்லலாம். சித்திரைத் திருவிழா நேரத்தில் மாசி வீதிகளில் சும்மா நடந்து போனாலே புளியோதரையும் நீர்மோரும் கையில் திணிப்பார்கள், வேண்டாம் என்றால்தான் மனசு சங்கடப்படுவார்கள். திருவிழா இல்லாத நாளிலும் யாராவது ஒருவர் பிறந்தநாள், திவசம், நேர்த்திக்கடன் என்று ஆட்டோவில் பொட்டலத்தோடு வந்து நிற்பார். ஒரே ஆளுக்கு ஒரே மத்தியானம் மூன்று பொட்டலம் கிடைத்து, இரண்டு நாய்க்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். காலில் புண்ணோடு படுத்திருப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் தேடினால்தான் ஊர் எவ்வளவு பிஸியாக இருக்கிறது என்று தெரியும்.

என்னை வேலைக்கு வைத்திருப்பது ஒரு சின்ன லுத்தரன் சபை. மதுரையில் புராட்டஸ்டண்ட் என்றால் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபைதான் பெரிசு. 1834இல் வந்த அமெரிக்கன் மிஷன் வேர்விட்ட ஊர் இது. லுத்தரன்காரர்களுக்குத் தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சிப் பக்கம்தான் பூர்வீகம். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் கப்பலைவிட்டு இறங்கியதிலிருந்து கணக்குப் போடுவார்கள். எங்கள் சபையிலும் ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை மாற்றலாகி வந்து இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. எங்கள் சபை என்று வாய் தவறி வந்துவிடுகிறது, நான் கிறிஸ்தவன் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம், குலசாமிக்குக் கிடா வெட்டுகிற வீடு. சமூகப்பணி படித்தேன், வேலை காலி என்றார்கள், வந்தேன். அடையாள அட்டையில் களப்பணியாளர் என்று போட்டிருக்கும். அவர்கள் இதை ஊழியம் என்பார்கள்.

வேலை விடியற்காலையில் ஆரம்பிக்கும். கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவதற்குள் பெரியார் பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வாசல், டவுன் ஹால் ரோடு, அப்படியே சிம்மக்கல் வழியாக ஆற்றோரம் வரை ஒரு சுற்று. யார் எழுந்திருக்கவில்லை, யார் புதுசு, யாருக்கு வீக்கம் கூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகணும். சர்க்கரைப் புண்தான் அதிகம். புழு வைத்த புண்ணென்றால் டர்பன்டைன் எண்ணெயை நனைத்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், புழுக்கள் மூச்சு முட்டி மேலே வரும், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கணும். வலிக்கும், திட்டுவார்கள். அப்புறம் முடிவெட்டு, நகம், குளியல். குளிப்பாட்ட சபைக் காம்பவுண்டில் ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே நீளமான ஒரு திண்ணை.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், உள்ளே திடப்படுத்தல் வகுப்பில் (பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கத் தயார் செய்கிற வகுப்பு) பிள்ளைகள் மனப்பாடம் செய்வது காதில் விழுந்தது. லுத்தரன் என்ற பேருக்கே காரணமான ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று ஜெபத்தில் வருகிறதே, அந்த ஆகாரம் என்றால் என்ன என்று கேள்வி. பதில் ஒரு பெரிய பட்டியல். சாப்பாடு, தண்ணீர், துணி, செருப்பு, வீடு, நிலம், மாடு, பணம், நல்ல அரசாங்கம், நல்ல மழை வெயில், நல்ல பேர், நல்ல சிநேகிதர், நம்பத்தகுந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் பாதியில் சிரித்துவிட்டார். “இதுல எனக்குச் சாப்பாடு மட்டும்தாம்ப்பா கிடைக்குது, பாக்கியெல்லாம் எப்ப வரும்?” என்றார். அதற்கு நான் என்ன சொல்ல.

நான் முதலில் குழம்பியது வேறு விஷயத்தில். எங்கள் அப்பத்தா அமாவாசைக்கு அமாவாசை நாலு பேருக்கு இலை போடாமல் சாப்பிட மாட்டாள். அந்தப் புண்ணியம் பேரப்பிள்ளைகளுக்குச் சேரும் என்று நம்புகிற மனுஷி. நானும் அந்தக் கணக்கோடுதான் வளர்ந்தேன். அதனால் இந்தச் சபைக்காரர்கள் இவ்வளவு செய்கிறார்களே, இவர்களுக்கு மேலே பெரிய இடம் காத்திருக்கும் போல என்று ஒருநாள் ஐயரிடம் (போதகரை இங்கே எல்லோரும் ஐயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) சொன்னேன். அவர் உடனே, “இதுக்கு நமக்கு ஒரு மார்க்கும் கிடையாது தம்பி” என்றார். இரட்சிப்பு கிருபையால் இலவசமாக வருவது, நற்செயல் செய்து சம்பாதிக்க முடியாது, லுத்தர் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதியதே இதில்தான் என்று விளக்கினார். சரி, மார்க் இல்லையென்றால் எதற்குச் செய்வது? கடவுளுக்கு நம்முடைய நற்செயல் எதுவும் தேவையில்லை, பக்கத்தில் கிடக்கிறவனுக்குத்தான் தேவை, அதனால் செய்கிறோம், அவ்வளவுதான் என்றார்.

அப்போது இது ஏதோ சாமர்த்தியமான பேச்சாகத்தான் பட்டது. வேலைக்குள் இறங்க இறங்கத்தான் அதன் பலம் தெரிந்தது. புண்ணியத்துக்காகக் கொடுக்கிறவருக்கு வாங்குகிறவர் ஒழுங்காக இருக்க வேண்டும். குடிகாரனுக்குப் போட்டால் புண்ணியம் குறையுமோ என்று ஒரு சந்தேகம் வரும், நன்றி சொல்லாமல் போனால் முகம் சுருங்கும். மார்க்கே இல்லை என்று தெரிந்துவிட்டால் அந்தத் தொல்லை பாதி ஒழிந்தது. அதற்காக அன்னதானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, எங்கள் சபை ஒரு வருஷத்தில் போடும் சோற்றை இந்த ஊர் அழகர் ஆற்றில் இறங்குகிற ஒரே நாளில் போட்டுவிடும்.

ஆனால் கொள்கை ஐயரிடம் இருக்கலாம், கமிட்டியில் இருப்பவர்கள் மனுஷர்கள்தானே. ஸ்டேஷன் வாசலில் ஒரு அண்ணன் இருந்தார். கல்யாண மண்டபங்களில் சாப்பாடு பரிமாறுகிற சப்ளை வேலைக்குப் போவார், வேலை இல்லாத நாளில் குடிப்பார். சபை கொடுத்த புதுப் போர்வையை விற்றுவிட்டார். இன்னொன்று கொடுத்தோம், அதுவும் போச்சு. கமிட்டியில் பொருளாளர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், கொதித்துப்போனார். இப்படி ஏமாறுவதற்கா காணிக்கை எடுக்கிறோம் என்றார், அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஐயர் அப்போது ஒரு விஷயம் சொன்னார். நாடோடிப் பிச்சைக்காரர்களின் மோசடிகளைப் பட்டியல் போட்ட ஒரு ஜெர்மன் புத்தகத்துக்கு 1528இல் லுத்தரே முன்னுரை எழுதியிருக்கிறார், அதில் தானும் அந்த மாதிரி ஆட்களிடம் ஏமாந்திருப்பதாகப் புலம்பியிருக்கிறார். அதே லுத்தர்தான் 1523இல் லைஸ்னிக் என்ற ஊர் ஏழைகளுக்காகப் பொதுப் பெட்டி வைத்து ஒழுங்குமுறை போட்டபோது அதற்கும் முன்னுரை எழுதினார். கடைசியாக அவர் எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டு ஒன்று அவர் செத்துப்போன பிறகு கிடைத்தது, அதில் ‘நாம் பிச்சைக்காரர்கள், அது உண்மை’ என்று இருந்ததாம். பொருளாளர் ஒன்றும் பேசவில்லை. பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர்தான் வழி சொன்னார். பழைய நூல் சேலைகளை நாலு மடிப்பாக வைத்துத் தைத்தால் கம்பளியைவிடக் கதகதப்பு, விற்கப் போனால் ஒருத்தனும் வாங்க மாட்டான். அதற்கப்புறம் போர்வை விற்பனை நின்றது. வேதாகமம், வரலாறு எல்லாம் பேசி முடித்தபின் காரியத்தைத் தீர்த்து வைத்தது ஒரு தையல் மெஷின்.

இன்னொரு தகராறு, வெளியூர்க்காரர்கள் பற்றி. ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொண்டால் பிச்சை எடுப்பதையே ஒழிக்கலாம் என்று லுத்தர் 1520இல் எழுதியிருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பீகாரில் இருந்து ரயிலேறி வந்தவனுக்கு மதுரையில் நாம் ஏன் என்றார். மனநிலை சரியில்லாமல் எந்த ஸ்டேஷனில் இறங்கினோம் என்றுகூடத் தெரியாதவர்கள்தான் அப்படி வருகிறவர்களில் நிறையப் பேர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அப்படித் திரிகிறவர்களைப் பாதுகாப்பில் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு போலீசுக்கு இருக்கிறது. நடைமுறையில் போலீஸ் ஸ்டேஷனில் போய் அந்தச் சட்டப் பிரிவைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அந்த ஆள் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி, கூட இருப்பது யார் என்பது. ஒரு ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் இல்லாமல் வார்டில் சேர்க்க முடியாது என்று ராத்திரி முழுக்க வராண்டாவில் போட்டு வைத்தார்கள். அதிலிருந்து சபையில் ஒரு பட்டியல் போட்டோம். யார் வீட்டு ஆள் எந்த ராத்திரி போய் உட்காருவது என்று முறை. பணம் கேட்டபோது கொடுத்த பலர் ராத்திரியைக் கேட்டபோது தயங்கினார்கள். ராத்திரியைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வயசான அம்மாக்களும் காலேஜ் பையன்களும்.

முகவரி இல்லாதது அதைவிடப் பெரிய சிக்கல். ஆதார் இல்லாவிட்டால் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுவதே பாடு, ரேஷன் அட்டை பற்றிப் பேசவே வேண்டாம். சர்ச் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தால் செல்லாது, பதிவு பெற்ற காப்பகத்தில் சேர்ந்தால்தான் சான்று. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் நடந்த காலத்து விதிப்படி, வீடில்லாதவர்களுக்காக 1 லட்சம் பேருக்கு ஒரு நிரந்தரக் காப்பகம், அதில் 50 முதல் 100 பேர் தங்க வசதி இருக்க வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரையின் ஜனத்தொகை 10 லட்சத்தைத் தாண்டியது, எத்தனை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காப்பகம் இருந்தாலும் எல்லோரும் போக மாட்டார்கள். மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் ராத்திரி மூட்டை தூக்குகிறவர் பகலில்தான் தூங்குவார், அவருக்கு ராத்திரி கேட்டைச் சாத்துகிற இடம் எதற்கு? சிலருக்கு நாயை விட்டுவிட்டு வர மனசில்லை.

இதையெல்லாம்விட எனக்குச் சங்கடமாக இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் குளிப்பாட்டி விடுகிற ஆத்தா ஒருத்தி, தானாகவே ஆராதனைக்கு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் குளிக்கவில்லை. அந்த பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஃபேன் காற்றுக்குப் போவதுபோல எழுந்து பின்னால் போனார்கள். வாடை ஒரு காரணம், பொய்யில்லை. ஆனால் தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே சர்ச்சுக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்த வரலாறு இந்தச் சபைகளுக்கு உண்டு, அதைச் சபைக்காரர்களே சொல்வார்கள். திண்ணையில் வைத்துச் சேவை செய்கிற வரைக்கும் எல்லோரும் நல்லவர்கள். சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளைதான் மணி அடித்துவிட்டு வந்து அந்த ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பாடினாள்.

திண்ணையில் சிரித்த அந்தப் பெரியவர் இறந்தபோது, உரிமை கோர ஆளில்லாத உடல் என்று எழுதி அடக்கம் செய்யும் நிலை. போலீசில் தடையில்லாச் சான்று வாங்கி, தத்தனேரியில் வைத்து எரித்தோம். கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாமே என்று சபையில் ஒருவர் கேட்டார். பெரியவர் நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வந்ததே இல்லை, அவர் கேட்காத சடங்கை நாம் செய்யக்கூடாது என்று ஐயர் மறுத்துவிட்டார். அங்கி போடாமல் சாதா சட்டையில் வந்து நின்றார். கொள்ளியை நான் வைத்தேன்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை என்றேனே, ஆடி மாதத்தில் அது கொஞ்சம் மாறும். முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அம்மன் கோயில்களில் கூழ் கிடைக்கும், கூலி கிடைக்காது. மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் அப்போது கிறிஸ்துமஸ் என்று சபைகள் எல்லாம் தேடி வந்து கொடுக்கும். ஆடிக்கு அப்படி யாரும் இல்லை. கையில் காசில்லாமல் மாத்திரை, கட்டணக் கழிப்பறை, டீ, பீடி எல்லாமே நின்றுபோகும். இதைக் கமிட்டியில் எடுத்துச் சொல்லி, அறுப்பின் பண்டிகையில், அதாவது சபையின் அறுவடைத் திருநாளில், நடந்த ஏலத்தில் வந்த பணத்தில் ஒரு பகுதியை ஆடி மாதத்துக் கூலி வேலைக்கு ஒதுக்கச் சொன்னேன். இனாம் வேண்டாம், காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கட்டும், ஊர்க்கூலி கொடுங்கள் என்றேன். பொருளாளருக்கே பிடித்துவிட்டது. போர்வை விற்ற அண்ணன்தான் முதல் ஆளாக வந்தார். சுத்தமான வேலை. தெருப் பக்கச் சுவரை முடித்துவிட்டு, மீதிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர் ஆவணி முதல் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டார். பொருளாளர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டை எடுத்து, பின்பக்கச் சுவர், அடுத்த ஆடி, முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்.