மதியத்தில் ஓர் அரை மணி நேரம்

தனியாக இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு முறைதான். அதுவும் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம். மாதங்கள் ஆகியும் மனசு ஆறவில்லை.

மதியத்தில் நான் போய் உட்காருவது திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்து நடைமேடையில். சீசன் டிக்கெட் இருக்கிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தத் தடத்து நிலையங்களைத் தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிவிட்டு, பல தளங்களை வருஷக்கணக்கில் காலியாகவே போட்டிருந்தார்கள். ஊருக்கு நஷ்டம்தான், எனக்கு அந்த விசாலம் பிடிக்கும். காலையிலிருந்து மீட்டிங், கால், பக்கத்து சீட்டின் ஹெட்செட் பேச்சு என்று கனத்துப்போன தலை, இரண்டு வேளச்சேரி வண்டிகள் வந்து போவதற்குள் லேசாகிவிடும். ஆள் இல்லாத இடம் என்று சொல்ல முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள், யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாருக்கும் என்னிடம் ஒரு பதிலும் தேவையில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டாலும் இந்த ஓய்வு கிடைப்பதில்லை.

அங்கேதான் அவள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். "அக்கா, நானும் இங்கேயே உட்காரட்டுமா?"

"இல்லம்மா, இந்த அரை மணி நேரம் நான் தனியா இருந்துக்கறேன்."

"சரிக்கா" என்று திரும்பிப் போய்விட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் கடுமையாகச் சொல்லவில்லை. பொய்யாக ஒரு போன் காலைக் காரணம் காட்டாமல் உள்ளதைச் சொன்னது மரியாதைதான் என்று இன்றும் நம்புகிறேன். தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுமில்லை. தெரிந்தவர் உட்கார்ந்தால் அந்த பெஞ்சும் ஆபீஸாகிவிடும். அப்புறம் மதியம் முழுக்க என்னால் வேலை பார்க்க முடியாது.

ஆனால் அவள் பேசத்தான் வந்தாள் என்று நானாக ஏன் முடிவு செய்தேன்? பேன்ட்ரி கூச்சலிலிருந்து தப்பித்து அவளும் அப்படி ஓர் இடம் தேடி வந்திருக்கலாம். இல்லையென்றால், ஊருக்குப் புதுசு, கூடச் சாப்பிட ஆள் இல்லாமல் வந்திருக்கலாம். இரண்டுக்கும் என் பதில் ஒன்றாக இருந்திருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், யாராயிருந்தாலும் அந்த அரை மணி நேரம் என்னுடையது என்று தோன்றும்.

வேலையில் சந்தேகம் என்றால் இப்போதும் என்னிடம்தான் வருகிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள். மதியத்தில் பேன்ட்ரியிலும் அவளைக் காணவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் அவளுக்கென்று அவள் கண்டுபிடித்த இடத்தை நான் கெடுத்துவிடுவேனோ என்று விட்டுவிடுகிறேன்.