காஸ்ட்ரின் கூடினால் அமிலமும் கூடியிருக்குமா?

ரத்தப் பரிசோதனையில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் அதிகம் என்று வந்ததும் பலர் கட்டி, புற்றுநோய் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் வயிற்றில் அமிலம் பொங்கி வழிகிறவருக்கும் அது கூடும், அமிலமே சுரக்காதவருக்கும் கூடும்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கிற ஜி செல்கள்தான் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. சாப்பாட்டிலுள்ள புரதம் வந்து சேர்ந்ததும் காஸ்ட்ரின் ரத்தத்தில் கலந்து, ஒரு சுற்றுச் சுற்றி அதே இரைப்பையின் மேற்பகுதிக்கு வந்து, அங்கே ஹிஸ்டமினை வெளியிட வைத்து, அதன் வழியாக அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது. போதுமான அமிலம் சேர்ந்ததும் சொமட்டோஸ்டாடின் என்ற இன்னொரு ஹார்மோன் காஸ்ட்ரினை அடக்கும். ஆக, அமிலம்தான் பிரேக்.

அந்த பிரேக்கை நாமே எடுத்துவிடுவதும் உண்டு. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் அமிலம் குறையும், காஸ்ட்ரின் ஏறும். காஸ்ட்ரின் கூடுவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் இது ஒன்று. பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், ஏறியிருக்கும் காஸ்ட்ரின் சும்மா இருக்குமா? சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். 'நோய் திரும்பிவிட்டது' என்று நினைத்து மறுபடி மாத்திரைக்கே போகிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

நோய் எதிர்ப்பு மண்டலமே அமிலச் செல்களை அழித்துவிடும் இரைப்பை அழற்சியிலும் காஸ்ட்ரின் எகிறும், கூடவே வைட்டமின் பி12 குறையும். காஸ்ட்ரின் செல்களை வளரவும் தூண்டும் என்பதால், இவர்களில் சிலருக்கு இரைப்பையில் சின்னச் சின்னக் கட்டிகள் வரலாம். பெரும்பாலும் மெதுவாக வளர்பவைதான், ஆனாலும் எண்டோஸ்கோப்பியில் கண்காணிக்க வேண்டும்.

எல்லோரும் பயப்படுகிற கட்டி வேறு. 1955-இல் சோலிங்கர், எலிசன் என்ற இரு அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர்கள் விவரித்தது அது. கணையத்திலோ முன்சிறுகுடலிலோ இருந்துகொண்டு அதுவே காஸ்ட்ரினைக் கொட்டும். அதனால் அமிலம் பெருகி, வயிற்றுப் புண் ஆறி ஆறித் திரும்ப வரும். அதோடு வயிற்றுப்போக்கும் இருக்கும், காரணம் அவ்வளவு அமிலம் குடலுக்குள் இறங்கும்போது கொழுப்பைச் செரிக்கும் நொதி செயலிழந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் மில்லிலிட்டருக்கு சுமார் 100 பிகோகிராமுக்குள் இருக்க வேண்டிய காஸ்ட்ரின் 1000-ஐத் தாண்டி, இரைப்பையின் பிஹெச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2-க்குக் கீழேயும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இது அரிய நோய்.

அதனால் மருத்துவரிடம் போகும்போது என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பரிசோதனைக்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம், உண்மையிலேயே அந்தக் கட்டி இருந்தால் புண்ணில் ரத்தம் கசிகிற அளவுக்குப் போய்விடலாம்.