35,000 ரூபாய் கட்டி சாவி வேலை கற்றேன்: எது கைகொடுத்தது, எது வீண்

திருச்சியில் 11 வருடம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். வேலை குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், சாவி வேலைக்கு மாறலாம் என்று கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். 10 நாள் வகுப்பு, கட்டணம் 35,000 ரூபாய். தங்குவதும் சாப்பாடும் நம் செலவு. "அவ்வளவு கொடுத்துப் படிக்கலாமா?" என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் 5 நாள் வீட்டுப் பூட்டு. உருளைப் பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த பின்கள் இருக்கும், சாவியின் பல் ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும், லீவர் பூட்டில் பின்னுக்குப் பதில் தகடுகள் என்றெல்லாம் தெளிவாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு உள்ளே இருப்பது வெளியே தெரிகிற அக்ரிலிக் பூட்டைக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் திறந்துவிட்டோம். ஆனால் 18 பேருக்கு ஒரே ஒரு டூப்ளிகேட் மெஷின். அந்த 5 நாளில் என் கையால் வெட்டிய சாவி மொத்தம் 4.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் உறையூரில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. சாவி தொலைந்துபோன பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் திண்டுக்கல் பூட்டுதான். கையால் செய்தது என்பதால் ஒன்றின் உள்வேலை இன்னொன்றில் அப்படியே இருக்காது. மழையில் நனைந்து துருவும் ஏறியிருந்தது. ஒன்றரை மணி நேரம் போராடியும் அசையவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். கணவர் வாங்கிய பூட்டு என்று சொல்லி, அந்தத் துண்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார் அந்த அம்மா. எனக்கு மனசே கேட்கவில்லை. கூலி வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் நடைபாதையில் சாவி போடும் ஒரு அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "காலையில 2 மணி நேரம் வந்து உக்காரு தம்பி" என்றார். நான்கு மாதம் உட்கார்ந்தேன்.

அவர் முதலில் காட்டியது இதைத்தான். பல் வெட்டாத வெறும் பிளாங்க் சாவியை மெழுகுவர்த்தி மேல் பிடித்துக் கரி ஏற்றுவார். பூட்டுக்குள் விட்டு, இடுக்கியால் பிடித்து மெல்ல ஒரு திருப்பு. வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். தகடு உரசிய இடத்தில் மட்டும் கரி போய், நகக்கீறல் போல ஒரு கோடு மின்னும். அந்த இடத்தில் அரத்தால் இரண்டே இழுப்பு, திரும்பக் கரி, திரும்ப உள்ளே. எனக்கு அந்தக் கோடு கண்ணில் பிடிபடவே மூன்று வாரம் ஆனது. "அவசரப்பட்டுத் தேய்க்காத. தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது" என்பார். ஒரு பூட்டுக்குச் சாவி போடுவதற்குள் 40க்கும் மேல் பிளாங்க் வீணாக்கினேன். ஒருநாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. பணம் கொடுத்தபோதும் வாங்கவில்லை, பிளாங்க்குக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் வகுப்பே வீணா என்றால், இல்லை. அடுத்த 5 நாள் கார் சாவி. இதை நடைபாதையில் கற்க வழியில்லை. சாவித் தலைக்குள் சின்னதாக ஒரு சிப் இருக்கும். இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் (coil) வழியாக வண்டி அதைப் படித்துச் சரிபார்த்தால்தான் வண்டி ஓடும். இல்லையென்றால், சாவியை எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாலும் பயனில்லை. புதுச் சாவியை வண்டியில் பதிவுசெய்யும்போது பேட்டரி இறங்கினால் வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டே கெட்டுப்போகலாம். அந்தச் சேதத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். சொந்தமாகத் தவறு செய்து பழகுகிற வேலை இல்லை இது. இந்தப் பகுதியை எடுத்த ஆசிரியர் ஒவ்வொருவரையும் வண்டிக்குள் உட்காரவைத்துச் செய்யவிட்டார். ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும் பார்க்காமல் கார் சாவியைத் தொடவே கூடாது என்று தினமும் சொன்னார். இன்றைக்கும் என் கடையில் அதற்கென்று தனி நோட்டு இருக்கிறது. செல்போனில் சாலிடரிங் பழகிய கை என்பதால் வண்டியின் எலக்ட்ரானிக் போர்டிலிருந்து, சாவி விவரம் பதிந்திருக்கும் மெமரி ஐசியைக் கழற்றிப் படிப்பதும் எனக்குச் சீக்கிரம் வந்தது.

கடைசி நாள் மட்டும் எனக்கு ஆத்திரம். பாதி நாளை, கார் சாவியைப் பதிவுசெய்யும் புரோகிராமர் கருவி விற்பதிலேயே கழித்துவிட்டார்கள். இன்று வாங்கினால்தான் சலுகை என்று நெருக்கினார்கள். கடன் வாங்கி வந்திருந்த இரண்டு பையன்கள் அங்கேயே முன்பணம் கட்டினார்கள். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நான் ஆறு மாதம் கழித்து, எந்த வண்டிகள் என்னிடம் வருகின்றன என்று தெரிந்த பிறகே வாங்கினேன். லேமினேட் செய்து கொடுத்த சான்றிதழை இதுவரை யாரும் கேட்டதில்லை.

என் கணக்கில் அந்த 35,000இல் பாதி நியாயமான பணம். கார் பகுதியை மட்டும் தனியாக நடத்துகிறார்களா என்று முதலில் கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை மெஷின், எத்தனை வண்டியில் நாமே செய்து பார்ப்போம் என்பதை நேரில் போய், நடக்கிற வகுப்பில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நிற்கவிடவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.

என் மச்சானும் போன மாதம் அதே வகுப்பில் சேர வேண்டும் என்றான். 50 பிளாங்க், ஒரு அரம், நான்கு பழைய பூட்டு கொடுத்து என் கடையில் உட்காரவைத்திருக்கிறேன். நேற்று வரை 27 பிளாங்க் போயிருக்கிறது. கோடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்கிறான்.